லட்சியம் மாட்டிய லாண்டிரி

சலவைக்கடைக் கவுண்ட்டரில் நிற்பவன், தான் துவைக்காத துணிக்குத் திட்டு வாங்குவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். நீங்கள் பாங்கிலோ பஸ் கம்பெனியிலோ தபாலாபீசிலோ மேஜைக்குப் பின்னால் நின்று பிழைத்தவராக இருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் செய்த தப்புக்கு நாம் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்போம். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போக அரைமணி நேரமாகும்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, பெங்களூரில் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் நீராவி யந்திரம் வைத்த ஒரு பெரிய லாண்டிரியில் நான் ரைட்டராக இருந்தேன். துணியை எண்ணி வாங்குவது, குறி போடுவது, ரசீது எழுதுவது, திட்டு வாங்குவது என் வேலை. முன்பக்கம் கண்ணாடிக் கதவும் பித்தளைக் கைப்பிடியும். பின்கட்டில் பாய்லர், துவைக்கும் தொட்டிகள், இஸ்திரிக் கூடம். முன்பக்கம் வருகிறவர்கள் பின்கட்டைப் பார்த்ததில்லை. பின்கட்டில் இருப்பவர்கள் முன்பக்கம் வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே போய்வந்து கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்று வார்த்தை

எங்கள் பெரிய முதலாளிக்கு முழங்கால் வலி வந்ததும் மருமகனை மேனேஜராக்கி, கடையை அவரிடம் ஒப்படைத்தார். மருமகன் எட்டு மாதம் சீமையில் இருந்து, அங்குள்ள பெரிய லாண்டிரிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்த முதல் வாரமே, 'ஒரு ஸ்தாபனத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் ஒரே லட்சியம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஸ்தாபனமில்லை, சந்தை' என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்த லட்சியம் என்ன என்று எங்களைக் கேட்பார் என்று நினைத்தேன்.

கேட்கவில்லை. அவரும் கேஷியர் ராவும் அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு லட்சியத்தோடு எழுந்தார்கள். திங்கட்கிழமை பெயிண்டர் வந்தான். கவுண்ட்டருக்கு மேலே பச்சைப் பலகையில் தங்க எழுத்தில், 'ப்யூரிட்டி, ப்ராம்ப்ட்னெஸ், பெர்ஃபெக்ஷன்' என்று இங்கிலீஷில் எழுதி மாட்டினார்கள். பின்கட்டு ஆட்களை அன்று ஒருநாள் மட்டும் முன்பக்கம் அழைத்து வந்து பலகையைக் காட்டினார்கள். நான் தமிழில் சொன்னேன்: சுத்தம், நேரம் தவறாமை, குறையில்லாமை.

துவைக்கும் தொட்டிகளுக்குத் தலைவர் முனிசாமி. வடாற்காட்டுப் பக்கத்து மனிதர். இருபது வருஷம் வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி, விரல் நுனியில் ரேகையே இல்லாதவர். துணியில் ஏறிய சோடா போக மூன்று தரம் அலச வேண்டும்; எங்களுக்குத் தண்ணீர் இரண்டு தரத்துக்குத்தான் கிடைத்தது. அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்: "மூணு வார்த்தையும் நல்லாத்தான் கீது சார். மூணாவது அலசுக்குத் தண்ணி எப்போ உடுவீங்க?"

காலைப் பாடம்

பலகை மாட்டினால் போதாது, அது மனசில் இறங்க வேண்டும் என்று மேனேஜர் அடுத்த உத்தரவு போட்டார். தினம் காலையில் சங்கு ஊதியதும் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று அந்த மூன்று வார்த்தைகளை மூன்று தரம் சொல்ல வேண்டும். நான் முன்னால் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கோட்டுப் போட்ட ஆசாமி நான். வெட்கமாக இருந்தாலும் சொல்லிக்கொடுத்தேன். இன்று அதை நினைத்தால் என்மேல்தான் எனக்கு முதலில் கோபம் வருகிறது.

இஸ்திரிக் கூடத்துக்குப் பெரியவள் அந்தோணியம்மா. நீலசந்திராவிலிருந்து நடந்தே வருவாள். சேலையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவள் மட்டும் வரிசையில் நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் அவள் எதிரில் வந்து நின்று ஏன் என்று கேட்டார். அவள் சொன்ன பதிலுக்கு அவளுக்கு அரைநாள் ஆப்சென்ட் போட்டார்கள். அன்று முழுநாளும் அவள் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து வேலை செய்தாள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் இதுதான்: "காலைல பூசைக்குப் போய் செபம் சொல்லிட்டுத்தான் வர்றேன் சார். அது அர்த்தம் தெரிஞ்சு சொல்றது."

மேஷ்டரின் பஞ்செ

பசவனகுடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட மேஷ்டர் எங்கள் கடைக்கு வருவார். கன்னடக்காரர், ஆனால் தண்டில் படித்து வளர்ந்ததால் தமிழும் பேசுவார். வேட்டியை மட்டும் பஞ்செ என்பார். வாரத்துக்கு இரண்டே இரண்டு பஞ்செ, ஒரு மேல்வேஷ்டி. ஒருநாள் அதைத் திரும்பக் கொண்டுவந்து கவுண்ட்டரில் விரித்தார். மடிப்பெல்லாம் பிரமாதம். ஆனால் துணி முழுக்கப் பழுப்பு ஓடியிருந்தது. முகர்ந்து பார்த்தால் சோடா வாடை. இரண்டே அலசில் எடுத்தால் அப்படித்தான் ஆகும். எனக்கும் தெரியும், முனிசாமிக்கும் தெரியும்.

நான் வழக்கமான சிரிப்பைச் சிரித்து, மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பலகையை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைக் கேட்பதுபோல என்னைக் கேட்டார்: "இந்த ப்யூரிட்டி பலகைக்கா, நம்ம பஞ்செக்கா?"

ஆலோசனைப் பெட்டி

மேஷ்டர் கேட்டதை மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் பின்கட்டுச் சுவரில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்று வந்தது. யாருக்கு என்ன யோசனை தோன்றினாலும் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம் என்றார்கள். சந்தோஷப்பட்டேன், மறுபடியும் ஏமாந்தேன்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பின்கட்டில் இரண்டு பேர்கூட இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். ஒருத்தி இஸ்திரிக் கூடத்தில் ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள். ஒருவர் பாய்லர் மூடி சரியில்லை என்றார். முனிசாமி, மூன்றாவது அலசு. வண்டிக்காரர் கௌஸ், மூட்டையை எண்ணிக் கட்ட இன்னும் கால்மணி நேரம். இப்படி ஏழு பேர். ஏழு சீட்டையும் நானே எழுதி, அவரவர் கையாலேயே பெட்டியில் போடச் சொன்னேன். போடும்போது அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோயில் உண்டியலில்கூட அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் எதையும் போட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பெட்டி திறந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஏழு சீட்டும் வரிசையாக இருந்தன. கேஷியர் ராவ்தான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ஏழும் ஒரே கையெழுத்து சார். இங்கே குறை ஒரே ஆளுக்குத்தான்."

நீலக் கொடி

அடுத்தது போட்டி. எந்தப் பிரிவு லட்சியத்தை நன்றாக நிறைவேற்றுகிறதோ அதற்கு அந்த வாரம் ஒரு நீலக் கொடி. துவைக்கிறவர்களுக்குக் கொடி வேண்டுமென்றால் வேகமாகத் துவைத்துத் தள்ள வேண்டும், தள்ளினார்கள். ஈரம் காயாமல் வந்த துணியை இஸ்திரிக்காரிகள் வேகமாகத் தேய்க்க வேண்டும்; தேய்த்தார்கள், தீய்த்தார்கள். வண்டி காலை ஏழுக்குக் கிளம்ப வேண்டும்; மூட்டை கட்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும் கிளம்பியது. இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் தட்டில் இருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டவர்கள், இப்போது எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். ஒரே லட்சியத்தை உண்டாக்கப் போய் மூன்று கட்சியை உண்டாக்கிய சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல் கொடி கௌஸின் வண்டிக்குக் கிடைத்தது. குதிரையின் தலைக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டு அவர் போன அன்று மத்தியானமே, பட்டாளத்து அதிகாரி ஒருவரின் துரைசானி கவுண்ட்டருக்கு வந்துவிட்டாள். ஆயாக்களிடம் பேசிப் பேசிப் பழகிய தமிழ் அவளுக்கு. கையில் வெறும் ரசீது. "வண்டி கரெக்ட் டயம். வண்டிக்குள்ளே துரை ஷர்ட் இல்லே. துரை இன்னிக்கு மெஸ்ஸுக்கு வண்டி போட்டுக்கிட்டு போறதா?"

சிஸ்டர் கொண்டுவந்த துணி

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இது அப்படியல்ல.

கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் துணி எங்களிடம் வந்துகொண்டிருந்தது. விரிப்பு, துவாலை, பிறந்த குழந்தைகளைச் சுற்றுகிற சின்னச் சின்னத் துண்டுகள். அங்கிருந்த சிஸ்டர் ஒருத்தி வெளிநாட்டவள். முப்பது வருஷமாகத் தமிழ்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்து நம்மைப் போலவே பேசுவாள். ஒருநாள் காலை அவளே நேரில் வந்தாள். மற்ற வாடிக்கைக்காரர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கினாள். நன்றாக மடித்த, வெள்ளை வெளேரென்ற துண்டு. ஆனால் சொரசொரவென்று இருந்தது. தர்ம வார்டில் ஐந்து குழந்தைகளுக்கு முதுகும் தொடையும் சிவந்து தோல் உரிந்துவிட்டது என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் வாயைத் திறந்தேன், அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வந்தது. அப்போது என் வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல்தான் கேட்டிருப்பாள். "தேவசகாயம், இதை உங்க புள்ளைக்குச் சுத்துவீங்களா?"

பின்கட்டில்

அந்தத் துண்டை நான் மேனேஜரிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் அதற்கும் ஒரு பலகை எழுதுவார் என்ற பயம். நேரே பின்கட்டுக்குப் போய், சாப்பாட்டு வேளையில் நடுவே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். உடனே சண்டைதான் வந்தது. இஸ்திரிக்காரிகள் துவைக்கிறவர்களைச் சொன்னார்கள். துவைக்கிறவர்கள் வண்டியின் அவசரத்தைச் சொன்னார்கள். கௌஸ் கொடியைப் பிடுங்கி எறிந்தார். முனிசாமி எழுந்து நின்று என்னைப் பார்த்து, "மொத நாளே கேட்டேனா இல்லியா? நீயும் அங்கதானே கோட்டு மாட்டிக்கினு நின்னே?" என்று கத்தினார்.

அந்தோணியம்மா சண்டையில் சேரவில்லை. துண்டை எடுத்து ஒரு மூலையை நாக்கில் வைத்தாள். துப்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், போன மாதம் அவள் மகள் அதே ஆஸ்பத்திரியில், அதே தர்ம வார்டில்தான் பெற்றெடுத்தாள் என்று. பேத்திக்கு உடம்பெல்லாம் சிவந்திருந்ததாம். சூடு என்று நினைத்து எல்லோரும் விளக்கெண்ணெய் தடவினார்களாம். "நான் தேச்சு அனுப்பின துணி. என் கையாலேயே தேச்சு அனுப்பினேன்" என்றாள். அழவில்லை. ஆனால் துண்டை மடிக்கப் போனவள் மடிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். துண்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் நாக்கில் வைத்தார்கள்.

அதன்பிறகு அரைமணி நேரம் பேசினோம். அத்தனை பேரும் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. முடிவு ஒரு வரிக்கு மேல் இல்லை: நாக்கில் வைத்துப் பார்த்துக் கரிக்காத துணிதான் தொட்டியை விட்டு வெளியே வரும், ஆஸ்பத்திரித் துணி முதலில். தண்ணீருக்கு முனிசாமி பொறுப்பு. தாமதமானால் கவுண்ட்டரில் திட்டு என் பொறுப்பு. வண்டி என்ன ஆவது என்று எல்லோரும் கௌஸைப் பார்த்தோம். கௌஸ் தாடியைத் தடவிக்கொண்டார். "நிக்கட்டும் ரைட்டர் சாப். குதுரை ஒண்ணும் கடியாரம் பாக்கல்லே."

ரோஜா

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் காலையில் சற்று நேரம்தான் வரும். மாடித் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு குழாய். ஒன்று பின்கட்டுக்கு. இன்னொன்று கடைமுகப்பில் மேனேஜர் போட்டிருந்த ரோஜாத் தோட்டத்துக்கும் புல்தரைக்கும். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது தோட்டம், கடையின் குணம் தோட்டத்தில் தெரியும் என்பது அவர் கட்சி. மூன்றாவது அலசுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் தினந்தோறும் புல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது! முனிசாமி அந்தக் குழாயின் திருகை மூடினார், அவ்வளவுதான்.

ஆறு நாள் நன்றாக நடந்தது. துணிக்குத் துணி வித்தியாசம் தெரிந்தது. எனக்குக் கவுண்ட்டரில் நிற்கவே ஒரு தெம்பு வந்தது. ஏழாம் நாள் ரோஜா வாடிவிட்டது. மேனேஜர் தோட்டக்காரனை விசாரித்து, மாடி ஏறித் திருகைப் பார்த்து, இறங்கி வந்து முனிசாமியை வேலையை விட்டு வாசலோடு நிறுத்தினார். தண்ணீர் திருடினார் என்பது குற்றம். துணி துவைக்கிற கடையில், துணி துவைக்கிறவன், துணிக்கு விட்ட தண்ணீர்! முனிசாமி விளக்கம் சொல்ல முயன்றார். மேனேஜர் கையை உயர்த்தித் தடுத்து, என்னைப் பார்த்து உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "பாத்தியா தேவசகாயம்? இவனுக்கு மட்டும் கடைசிவரை லட்சியமே புரியலை."

சங்கு ஊதிய பிறகு

மறுநாள் சங்கு ஊதியது. முற்றத்தில் வரிசை நின்றது. நான் வழக்கம்போல் முன்னால் போய் நின்றேன். மேனேஜர் தலையசைத்தார். நான் முதல் வார்த்தையைச் சொல்ல வேண்டும். வீட்டில் குழந்தை, மனைவி, வாடகை எல்லாம் கண்முன் வந்தன; ஒளிப்பானேன். வீரன் இல்லை நான். ஆனால் வெளிக் கேட்டுக்கு அப்பால் முனிசாமி தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். "பின்னே என்ன?" என்று அதட்டினார். நான் பதில் தேடுவதற்குள் வரிசையிலிருந்து அந்தோணியம்மா ஓரடி முன்னால் வந்தாள். "ரைட்டரய்யா ஒருத்தருக்கு மட்டும் இல்ல சார். ஒரு ஆளு வெளியே நிக்கிறாரு. அவர் இல்லாம இது யாருக்கும் வாய்ல வராது."

மூட்டை ஏன் வரவில்லை

அன்றிலிருந்து காலைப் பாடம் இல்லை, முனிசாமியும் இல்லை. அவர் இடத்துக்கு வந்த ஆளுக்கு இரண்டு அலசு என்று உத்தரவு. வேலை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். எல்லோரும் வந்தார்கள், எல்லாத் துணியும் போயிற்று. ஆஸ்பத்திரித் துணியை மட்டும் அந்தோணியம்மாவும் அவள் பெண்களும் நாக்கில் வைத்துப் பார்த்துத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பினார்கள். புது ஆள் துவைப்பார், அவர்கள் திருப்புவார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரிக்கு மூட்டை போகவில்லை.

ஐந்தாம் நாள் சிஸ்டர் வந்தாள். மேனேஜர் முன்பக்கத்தில்தான் இருந்தார். ஓடிவந்து, இன்று சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு மூட்டை உங்கள் வாசலில் இருக்கும் என்றார். சிஸ்டர் அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டாள். நான் அன்றைக்கு முதல் தடவையாகக் கவுண்ட்டரில் சிரிக்காமல் பேசினேன். துணி இன்னும் சரியாக அலசவில்லை, பெண்கள் விட மாட்டேன் என்கிறார்கள், அலசத் தெரிந்த ஆள் வாசலுக்கு வெளியே நிற்கிறார், தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது என்று உள்ளதைச் சொன்னேன். மேனேஜர் முகம் செங்கல்லாகிவிட்டது. சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "சாயங்காலம் வேணாம். அந்தப் பொம்பளைங்க எப்ப சரின்னு சொல்றாங்களோ, அப்ப அனுப்புங்க."

பெரியவர் வந்தார்

சிஸ்டர் அங்கிருந்து நேரே பெரிய முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முனிசாமிக்காக வந்தார் என்று எழுத ஆசைதான். ஆஸ்பத்திரி வாடிக்கை போய்விடுமே என்று வந்தார். பல வருஷத்துக்குப் பிறகு பின்கட்டில் கால் வைத்தார். அந்தோணியம்மா ஈரத்துணி ஒன்றை நீட்டினாள். அவர் புரியாமல் விழிக்க, நாக்கில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். வைத்தார், கரகரவென்று காறித் துப்பினார். அரைமணியில் தோட்டக் குழாய் மூடப்பட்டது. நீலக் கொடியும் போயிற்று. ஒரு வாரம் வெளியே நின்ற முனிசாமி உள்ளே வந்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளைக்கு மரியாதை போய்விடக்கூடாது. ஆகவே முனிசாமி ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை எழுத வேண்டியவன் யார்? ரைட்டர்தானே! காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் திணறினேன். ஐந்து குழந்தைகளின் தோலை உரித்ததற்கு யாரும் யாரிடமும் ஒரு வரி மன்னிப்பு எழுதவில்லை என்பது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேனாவை மையில் தோய்ப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து முனிசாமிக்கே பாவமாகிவிட்டது. பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தின் அடியில் வைத்தார். ரேகையில்லாத வெறும் கறுப்புப் பொட்டு விழுந்தது. "மன்னிப்பு நான் கேட்டாச்சு. தப்பு இன்னான்னு நீயே பாத்து எதுனா எழுதிக்க ரைட்டரே."

பத்திரிகையில் வந்தது

அதன்பிறகு கடை நன்றாக நடந்தது. அதை மறைக்க மாட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணிடம் யாரும் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அந்தோணியம்மா இரண்டு துணியைக் கொடுப்பாள், ஒன்று அலசியது, ஒன்று அலசாதது. இரண்டையும் நாக்கில் வைத்துவிட்டு அந்தப் பெண் முகத்தைச் சுளிப்பாள். பாடம் முடிந்துவிடும். துவைக்கிறவர், தேய்க்கிறவர், வண்டிக்காரர், நான் எல்லோரும் மறுபடி ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒரு வருஷம் கழித்து, ஊரின் பெரிய மனிதர்கள் கூடுகிற ஒரு சங்கத்தில் எங்கள் மேனேஜர் சொற்பொழிவு செய்தார். தொழிலாளர் மனத்தில் ஒரே லட்சியத்தை வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. மறுநாள் படத்தோடு பத்திரிகையில் வந்தது. படிப்பறிவில்லாத ஜனங்களிடம் தாம் பொறுமையாகப் பேசிப் பேசி, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, சுத்தம் என்பதை அவர்களுக்கு உணர்த்தியதாகவும், நாவினால் சோதிக்கும் முறையைத் தாமே கண்டுபிடித்ததாகவும் அதில் இருந்தது. கேட்டவர்கள் பலத்த கரகோஷம் செய்தார்களாம்.

மத்தியானம் அதை நான் பின்கட்டில் தமிழில் வாசித்துக் காட்டினேன். கௌஸ் தரையில் துப்பினார். முனிசாமி சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அந்தோணியம்மா மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை அக்கறையாகக் கேட்டாள். நான் பத்திரிகையை மடித்ததும் விசாரித்தாள்: "ரொம்ப நல்ல கடையா இருக்கே ரைட்டரய்யா. அது எங்க இருக்குது? அங்க நமக்கு வேலை கெடைக்குமா?"

எத்தனையோ வருஷம் கவுண்ட்டரில் நின்றதில் நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஸ்தாபனத்தில் எல்லோரும் ஒருமனதாவது எப்படி என்பதைப் பற்றி மேடையில் மிக அழகாகப் பேச வேண்டுமென்றால், அவர்கள் ஒருமனதான அன்று அங்கே இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.